சாமிக்காட்டு மான்கள்

வடக்குச் சரிவில் முப்பத்தொரு மான்கள் நிற்பதாகச் சாமந்தியின் கையிலிருந்த டேப்லெட் திரை சொன்னது. அவள் நின்றுகொண்டிருந்ததும் அதே வடக்குச் சரிவில்தான். மான் ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட அங்கே இல்லை.

அடிக்கட்டைகள் இருந்தன. மலை முழுக்க, இடுப்புயரத்தில், முழங்காலுயரத்தில், மண்ணோடு மண்ணாக. நடுவே சங்கிலி கட்டி மரம் இழுத்துப்போன தடங்கள், அந்தத் தடங்களில் மழை இறங்கி அரித்த வாய்க்கால்கள். டேப்பில் மட்டும் சரிவு பச்சையாக இருந்தது. கருங்கண்ணி மலை, ஆறாயிரம் ஏக்கர், உயிர்மதிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மண்புழு நலம். வேர் தண்ணீர் இழுக்கும் ஓசை நலம். மனித நடமாட்டம் கிட்டத்தட்ட இல்லை.

"கையெழுத்துப் போட்டீங்கன்னா கீழ போயி சாப்பிடலாம் மேடம்," என்றான் சுதர்சன். மரக் கம்பெனியின் மலை மேலாளர். ஜீப்பைவிட்டு இறங்கக்கூட இல்லை.

"மரம் எங்க சார்?"

"எந்த மரம்?"

"இங்க இருந்த மரம்."

"உங்க படிவத்துல மரம்னு ஒரு கேள்வி இருக்கா? எடுத்துப் படிங்க பாப்போம்."

இல்லை. அவளுக்கே மனப்பாடம். 'காதுமுளைகளின் பதிவு தடையின்றி வருகிறதா? ஆம், இல்லை.' அதுதான் முதல் கேள்வி, தொண்ணூறு மதிப்பெண்ணுக்கு. மிச்சம் பத்து மதிப்பெண் வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு. போன படம் மழைக்காலத்தில் எடுத்தது. அதில் மேகம்தான் இருந்தது. மேகத்துக்கு ஏழு போட்டிருந்தார்கள்.

காதுமுளை என்றால் ஒரு முழ நீளத்துக்கு உலோகக் குச்சி. தலை காளான் மாதிரி விரிந்திருக்கும், மிச்சம் மண்ணுக்குள். மண்ணுக்குள் நடக்கும் அத்தனையையும் அது கேட்கும். புழு நகர்வது, வேர் உறிஞ்சுவது, கால் பதிவது, ரம்பம் அதிர்வது. நானூற்றுப் பன்னிரண்டு முளைகளை மலை முழுக்க நட்டுவிட்டு, அவை சொல்வதை வைத்துத்தான் பசுந்தடம் நிறுவனம் சான்று கொடுத்தது. வெளிநாட்டில் நாற்காலி வாங்குகிறவன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் பச்சை நிறப் பாதம் அச்சடித்திருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் காட்டை நோகடிக்காமல் எடுத்த மரம் என்று அர்த்தம். நிம்மதியாக உட்காரலாம்.

சாமந்தி ஒன்பதாவது படிக்கும்போது அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. இந்தச் சான்றை யாரும் கட்டாயமாக வாங்க வேண்டியதில்லை, விருப்பப்பட்டவர்கள் வாங்கலாம். ஆனால் வாங்கிவிட்டால் வனத்துறை அந்தக் காட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அப்புறம் விருப்பப்படாதவன் யார்?

"நான் முளைய நேர்ல பாக்கணும்," என்றாள். "வடக்குச் சரிவுல அறுபது முளை. ஒண்ணக்கூடக் காணோம். ஆனா அறுபதும் பேசிக்கிட்டிருக்கு."

சுதர்சன் சிரித்தான். "பேசுதுல்ல? அப்புறம் என்ன? உங்களுக்கு இந்த வேலை ஏன் குடுத்தாங்க தெரியுமா? உள்ளூர்ப் பழங்குடிப் பெண் தணிக்கையாளர்னா சான்றுக்குக் கூடுதலா நாலு மார்க். அந்த நாலு மார்க்தான் மேடம் நீங்க. ரொம்ப அலட்டிக்காதீங்க."

அது அவளுக்கும் தெரியும். தேக்கம்பாறை ஊரில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். வனவியல் படித்தாள். விடுதியில் 'காட்டுக்காரி' என்று கூப்பிட்டவர்களுக்கு நடுவில் படித்து, தங்கப் பதக்கம் வாங்கி, அதை விற்று இந்தத் தணிக்கையாளர் உரிமத்தை எடுத்தாள். நாலு மார்க்காகிறதுக்கு.

"கையெழுத்து இன்னைக்கு இல்ல," என்றாள். "மூணு நாள் டைம் இருக்கு."

"உங்க இஷ்டம். கையெழுத்தானா அடுத்த அஞ்சு வருஷத்துக்குச் சான்று. தெக்குப் பக்கம் ரெண்டாயிரம் ஏக்கர் பாக்கி இருக்கு, ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

தெற்குப் பக்கத்தில்தான் தேக்கம்பாறைக்கு வருகிற ஓடை பிறக்கிறது. அவன் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

*

"முளையா? பத்தரமா கீது," என்றாள் அம்மா.

காசியம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். மகள் நாலு மாசம் கழித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டியா என்றுகூடக் கேட்காமல் இரும்புக் குச்சியைப் பற்றிக் கேட்கிறாளே என்று முகத்தில் எரிச்சல்.

"எங்க பத்தரமா?"

"சாமிக்காட்டுல. வேற எங்க வெக்கறது?"

சாமந்திக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தினிம்மா?"

"அத்தினியும்தான். முப்பத்தெட்டுப் பொம்பளைங்க, பதினோரு நாளு. உனக்கு இன்னாடி தெரியும், நீ வேலூர்ல உக்காந்துகினு இருந்த. கம்பெனிக்காரன் வந்து ஊரக் கூட்டி வெச்சி சொன்னான். ஒவ்வொரு முளைக்கும் நம்பரு கீது, ஒண்ணு ஒடைஞ்சாலும் ஊர்மேல கேசு, பட்டா ரத்துன்னான். சரின்னோம். அப்பறம் மரம் வெட்டற மிசினு வந்துது. அது முளைன்னு பாக்குதா, கல்லுன்னு பாக்குதா? ஏறி நசுக்கிகினே போவுது. நாளைக்கி நம்ம தலையிலதான விடியும்? அதான் தூக்கியாந்தோம்."

"பிடுங்குனா அதுக்குத் தெரியுமேம்மா. காத்து பட்ட உடனே அது கத்துமே."

"யாரு புடுங்குனாங்க?" காசியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். மகளின் படிப்பை நினைத்து அவளுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. "சாமிக்கல்ல எடம் மாத்தறப்ப புடுங்குவமா? சுத்தி மூணு சாண் தோண்டி, தாய்மண்ணோட கூடையில வெச்சி, ஈரத்துணி சுத்தி, கல்லுக்குத் தெரியாமத்தான கொண்டாருவோம். அதே மாதிரிதான். எடம் மாறுனது அதுங்களுக்கே தெரியாது."

தெரியவில்லைதான். முளைக்குள் இடம் காட்டும் கருவி கிடையாது. அது மின்கலத்தைத் தின்றுவிடும், பன்னிரண்டு வருஷம் தாங்காது என்று கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நட்ட அன்றைக்கு எந்த இடம் என்று பதிந்தார்களோ, சாகும்வரை அதுதான் அதன் இடம். வடக்குச் சரிவு முளை, கிழக்குப் பள்ளத்து முளை, ஊற்றுமுனை முளை, எல்லாம் நாலு வருஷமாக நாலு ஏக்கர் சாமிக்காட்டைக் கேட்டுக்கொண்டு, ஆறாயிரம் ஏக்கரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தன.

"தூக்கிக்கிட்டு வரும்போது யாராச்சும் பாத்தாங்களா?"

"அந்தச் சுதர்சனம்தான் ஜீப்ல போனான். நிறுத்திப் பாத்தான். நல்ல வேலை செய்றீங்க, கெட்டியா நடுங்கன்னு சிரிச்சிகினே போனான். மறுநாளு ஊருக்கு ரெண்டு மூட்டை சக்கரை அனுப்பினான். ஏன், இன்னா ஆச்சி?"

சாமந்தி "வா, பாக்கலாம்," என்று எழுந்தாள்.

சாமிக்காட்டின் எல்லைக் கல்லுக்கு முன்னால் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பூட்ஸு."

கழற்றினாள். இந்த ஊரில் யாரும் அந்தக் கல்லைச் செருப்போடு தாண்டியதில்லை. உள்ளே மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வெயிலே இல்லை. சருகுக்கு மேலே முளைகளின் காளான் தலைகள், கால் வைக்க இடமில்லாமல். அம்மா அவற்றுக்கு நடுவே பழகிய மாட்டைப்போலப் பார்க்காமலே நடந்தாள். இடது கால் லேசாக, வலது கால் அழுத்தமாக. ஒருமுறை விறகோடு விழுந்ததிலிருந்து அப்படித்தான்.

சாமந்தி டேப்பைத் திறந்தாள். வடக்குச் சரிவில் ஒரு மான் முளைத்தது. அடுத்த நொடி நாலு மைல் தள்ளிக் கிழக்குப் பள்ளத்தில் இன்னொன்று. அடுத்தது ஊற்றுமுனையில்.

"ம்மா, நில்லு."

அம்மா நின்றாள். மான்கள் நின்றன.

"நட."

நடந்தாள். மலையெங்கும் மான்கள் பெருகின. சாமந்தி ஒரு காலைத் தூக்கி, மெதுவாக ஊன்றினாள். தெற்குச் சரிவு, மான், ஒன்று.

பூட்ஸ் போட்ட காலடி என்றால் மனிதன் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பட்டணத்துக் காலடி, குதிகாலை ஓங்கி இறக்கும் காலடி. சருகு சத்தமிடாமல் விரலை முதலில் ஊன்றி நடக்கும் வெறுங்காலை யாரும் அதற்குக் காட்டவில்லை. கற்றுக்கொடுத்தவர்கள் அப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை போல. நாலு வருஷமாக இங்கே பொங்கல் வைக்க வந்தவர்கள், வேண்டிக்கொள்ள வந்தவர்கள், சும்மா நிழலுக்கு வந்தவர்கள் எல்லாரும் மான்கள்தான்.

"இன்னாடி அதுல? மொகமெல்லாம் மாறுது," என்றாள் அம்மா.

"உன்ன மானுன்னு எழுதியிருக்கும்மா."

காசியம்மா டேப்பை எட்டிப் பார்த்தாள். "பன்னின்னு எழுதாம உட்டானே," என்றாள்.

*

மலையடிவார டீக்கடையில் எத்திராஜ் இருந்தார். கருங்கண்ணி மலையின் கடைசி வனக்காவலர். புதுச் சட்டம் வந்ததும் அவர் பணியிடத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது கடைக்காரருக்குப் பால் ஊற்றுகிறார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்கம்மாவுக்கு மூணு வருஷம்," என்றார்.

"என்னது?"

"முளையக் கையாண்டா மூணு வருஷம் உள்ள. இருவத்தாறாவது பிரிவு. முப்பத்தெட்டுப் பேருக்கும். படிச்ச புள்ளைக்குத் தெரியாதா?"

தெரியும். வேறு யார் வாயாலாவது கேட்க வேண்டியிருந்தது.

"சரி, நான் எழுதலன்னா?"

"கையெழுத்துப் போடுவ. தெக்குப் பக்கம் மொட்டையாவும். ஓடை வத்தும். ஊரு தானா கீழ எறங்கும். அதுக்குக் கேசு கீசு ஒண்ணும் கெடையாது."

"எழுதினா சான்று ரத்தாகும்ல? ரத்தானா காடு திரும்ப அரசாங்கத்துக்கு வரும். வெட்டறத நிறுத்தித்தான ஆகணும்?"

"வரும். யாரு வருவா? மாவட்டத்துக்கே இப்ப மூணு பேரு ஆபீஸ்ல. அதுல ஒருத்தரு டிரைவரு."

"மேலேர்ந்து எடுத்த படம் இருக்குமே. அரசாங்கத்துக்கிட்ட வருஷா வருஷம் படம் இருக்கு."

"படம் கீதும்மா. அத எடுத்துப் பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். அந்த சீட்டத் தூக்கிட்டாங்க." மீசையைத் தடவிக்கொண்டார். "உங்கப்பன நான் அடிச்சிருக்கேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஒரு கட்டு விறகுக்கு."

"பச்சை விறகு. லத்தியாலதான் அடிச்சேன். பெருமையாச் சொல்லல. ஆனா ஒண்ணு. அப்ப என் சட்டையில பேரு குத்தியிருந்துது. உங்கப்பன் அந்தப் பேரப் படிச்சிக்கினு போயி தாசில்தார்கிட்ட மனு குடுத்தாரு. எனக்கு ஆறு மாசம் சஸ்பென்ஷன். நாங்க அயோக்கியனுங்கதான். ஆனா எங்க வூடு எங்க கீதுன்னு உங்களுக்குத் தெரியும், காறித் துப்பறதுக்காவது." அவர் அவள் கையிலிருந்த டேப்பைக் காட்டினார். "இதுக்கு சட்டை எங்க கீது, பேரு எங்க கீது?"

சாமந்திக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. தன் டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்தாள். அவர் இரண்டு டீக்கும் சில்லறை எடுத்து வைத்தார்.

*

மூன்றாவது நாள் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டப் பிரிவு, சிறை, ஓடை, எதையும் மறைக்கவில்லை.

காசியம்மா கையிலிருந்த சாமை உமியை ஊதினாள்.

"அப்ப நாங்க பத்தரமா வெச்சதாலதான் அவன் வெட்டிகினே கீறானா?"

"அப்படிச் சொல்லலம்மா."

"அப்படித்தான். நாலு வருசமா வெட்டறான், நாங்க இங்க குந்திகினு நல்லா கீது நல்லா கீதுன்னு சாட்சி சொல்லியிருக்கோம். சக்கரை வேற வாங்கித் தின்னுருக்கோம்." அவள் மூக்கைச் சிந்தினாள். "எழுது. எங்க பேரும் சேத்து எழுது. அந்த முப்பத்தேழு பேர நான் கேக்கறேன். என் பேர மொதல்ல போடு."

"பேர் வேணாம்மா. ஊர்ப் பெண்கள்னு போட்டா போதும்."

"நீ படிச்சவ, உனக்குப் பேரு கீது. எனக்கு மட்டும் ஊர்ப் பெண்களா? மானுன்னு எழுதினவனுக்கும் உனக்கும் இன்னாடி வித்தியாசம்? காசியம்மா, பாவாடை பொண்டாட்டி, தேக்கம்பாறைன்னு போடு."

முப்பத்தேழு பேரில் ஒருத்திகூட மறுக்கவில்லை. சிலர் திட்டினார்கள், ஆனால் பெயரைச் சொன்னார்கள். சாமந்தி முப்பத்தெட்டுப் பெயரையும் எழுதினாள். முளைகள் எப்படி நகர்ந்தன, யார் பார்த்தார்கள், யார் சர்க்கரை அனுப்பினார்கள், எதையும் விடவில்லை. காலடி மானாகிற கதையையும் அம்மாவை நடக்கவிட்டுப் படம்பிடித்து இணைத்தாள். தன் படிப்பு எதற்கு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்த மாதிரி இருந்தது. பதினேழு பக்கம். ஒரு பிழை இல்லை.

அனுப்பிய நான்காம் நாள் திரையில் ஒரு பெண் வந்தாள். பசுந்தடத்தின் தீர்ப்புக் குழுவாம். வயது சாமந்தியைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். அழகான, களைத்துப்போன தமிழ்.

"உங்க அறிக்கை ரொம்ப நேர்மையா இருந்தது சாமந்தி. குழுவுல எல்லாருமே பாராட்டினாங்க."

"சான்று ரத்தா?"

"பதிவுகள்ல தப்பே இல்லைங்கறத நீங்களே நிரூபிச்சிருக்கீங்க. முளைங்க ஆரோக்கியமான காட்டைத்தான் கேட்டிருக்கு. தப்பு பரப்புலதான். அதனால பரப்பைத் திருத்திட்டோம். சான்று இனிமே அந்த நாலு ஏக்கருக்கு மட்டும்."

"மத்ததெல்லாம்?"

"சான்று இல்லாத நிலம். அரசாங்கத்துக்குப் போகுது. நீங்க கேட்டதும் அதானே?"

"எங்க ஊர்ப் பெண்கள் மேல கேஸ்?"

"கேஸ் எதுக்கு? யாரும் எதையும் நகர்த்தலையே. பரப்பு தப்பா பதிவாகியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெயர்ப் பட்டியலை நீக்கிட்டோம். உங்க நல்லதுக்குத்தான்." அவள் வேறெங்கோ பார்த்தாள். "இன்னொண்ணு. அந்த ஊர்ல பிறந்தத நீங்க முன்கூட்டியே சொல்லியிருக்கணும். உங்க உரிமத்தை நிறுத்தி வெக்கறோம்."

"அந்த ஊர்ல பிறந்ததுக்குத்தான நாலு மார்க் போட்டீங்க?"

"அது கம்பெனியோட மதிப்பெண்ணுல வருது. இது உங்களோட நடத்தையில வருது. ரெண்டும் வேற வேற விதி சாமந்தி." திரை அணைந்தது.

அம்மாவிடம் சிறை இல்லை என்று சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. "என் பேர எடுத்துட்டாங்களா?" என்று மட்டும் இரண்டுமுறை கேட்டாள்.

மிச்சமிருந்த காடு அரசாங்கத்துக்கு வந்தது. மூன்று பேர் ஆபீஸ் அதை ஒரு மாசம் வைத்துக்கொண்டது. பிறகு 'பராமரிக்கப் போதிய பணியாளர் இல்லாத நிலம்' என்று அறிவித்து, மறுநடவுக்காக அதே கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. மறுநடவு செய்ய வேண்டுமென்றால் முதலில் நிற்கிறதை வெட்டத்தானே வேண்டும். அதற்குச் சான்று தேவையில்லை, ஏனென்றால் அது இனிமேல் காடு இல்லை, நடவு நிலம். ஆவணியில் தெற்குப் பக்கம் ரம்பம் கேட்கத் தொடங்கியது. ஐப்பசியில் ஓடை சேறானது.

சாமிக்காட்டைச் சுற்றி வேலி வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அதன் படம் வந்தது, மிகச் சிறிய சான்றுபெற்ற காடு என்று. வேலியில் பலகை மாட்டியிருந்தார்கள்: 'மனித நடமாட்டம் தடை செய்யப்பட்டுள்ளது.' அந்த வருஷம் பொங்கல் வேலிக்கு இந்தப் பக்கம் வைத்தார்கள். பாதிக்கு மேல் பானையிலேயே ஆறிப்போனது.

*

தை மாசத்தில் சுதர்சன் வந்தான். இந்த முறை ஜீப்பைவிட்டு இறங்கினான். தேக்கம்பாறையில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. சாமந்தி தண்ணீர் லாரிக்குக் குடம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள மான் இல்ல," என்றான்.

"இருந்துச்சா முன்னாடி?"

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. "உயிர்மதிப்பு அறுபத்தொண்ணுக்கு வந்திடுச்சு. அறுபதுக்குக் கீழ போனா சான்று தானா ரத்து. ரத்தானா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"நடவு நிலம்."

"மிசினு மேலதான் நிக்குது. நாலு ஏக்கர், ஒரு நாள் வேலை." நெற்றியைத் துடைத்தான். "சத்தியமாச் சொல்றேன், எனக்கும் அத வெட்ட இஷ்டமில்ல. அந்தச் சான்றக் காட்டித்தான் மத்த மரமெல்லாம் விக்குது. அந்த நாலு ஏக்கர் நின்னாத்தான் எனக்கு வேலை நிக்கும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"நான் நடந்து பாத்தேன்," என்றான். குரல் இறங்கியிருந்தது. "செருப்பக் கழட்டிட்டு, நாலு நாளு. மனுஷன்னே காட்டுது. டிரைவர நடக்க விட்டேன், அதுவும் மனுஷன். பொறந்ததுலேர்ந்து செருப்பு போட்ட காலு, மாறாதாம்." குனிந்து தன் காலைப் பார்த்தான். "உங்காளுங்க காலுதான் வேணும். காலையில ஆறுலேர்ந்து எட்டுவரைக்கும். கூலி உண்டு. பேசக் கூடாது, வெளக்கு ஏத்தக் கூடாது, பொங்க வெக்கக் கூடாது. சும்மா நடக்கணும்."

சாமந்திக்குக் கையிலிருந்த குடத்தை அவன் தலையில் போட வேண்டும் போலிருந்தது. எழுதுவேன், உன் மான்கள் யாரென்று மறுபடியும் எழுதுவேன் என்று வாய்வரை வந்தது. எழுதினால் மான் போகும். மான் போனால் அறுபதுக்குக் கீழே. ஒரு நாள் வேலை.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "உள்ள போலாமா?"

"ம்மா, நீ சும்மா இரு."

"வேலிக்கு அந்தாண்ட போலாமா, அத மட்டும் சொல்லு," என்றாள் காசியம்மா, சுதர்சனைப் பார்த்து.

"போலாம்மா. ஆறுலேர்ந்து எட்டு."

காசியம்மா மகளைப் பார்க்கவே இல்லை. "ஆறுக்கு வந்து தொறந்து வெய்யி," என்றாள்.

பசுந்தடத்தின் பதிவை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு உரிமம் தேவையில்லை. நாற்காலி வாங்குகிறவர்கள் நம்பிக்கைக்காக அப்படித் திறந்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாமந்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து டேப்பைத் திறந்தாள். நாலு ஏக்கர், பச்சைச் சதுரம், வெறுமையாக.

ஆறு மணி மூன்று நிமிஷத்தில் ஒரு புள்ளி எல்லைக் கல்லைத் தாண்டியது. ஒலியைக் கூட்டினாள். இடது கால் லேசாக, வலது கால் அழுத்தமாக. மான், ஒன்று. உயிர்மதிப்பு அறுபத்திரண்டு.

புள்ளி கோணல்மாணலாக, அவசரமில்லாமல், மரங்களுக்கு நடுவே போனது. சாமிக்கல் இருக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மண்ணில் மெலிதாக ஏதோ படுகிற ஓசை. இரண்டு முழங்கால், பிறகு இரண்டு உள்ளங்கை, பிறகு அதைவிட மெலிதாக இன்னொன்று, அது நெற்றியாக இருக்க வேண்டும்.

கருவி கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் எழுதியது.

மான், ஒன்று. மேய்கிறது.

அதன் கீழே ஒரு கட்டம் இருந்தது: 'இந்தப் பதிவில் பிழை இருந்தால் தெரிவிக்கவும்.' சாமந்தி அதன்மேல் விரலை வைத்தாள். அம்மா எழுந்து மறுபடி நடக்கும் ஓசை வரும்வரை அப்படியே வைத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.